நன்னாரிக் கொடியும் ஒரு புட்டிப் பாகும்

கத்திரி வெயில் பஞ்சாங்கத்தில் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் பக்கத்தில் தொடங்கிவிடும். மாநிலத்தில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் திருத்தணியும் வேலூரும் மாறி மாறி முன்னிற்பதைச் செய்தியில் கேட்டு, ஏதோ நம் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கியதைப் போலத் தலையாட்டிக்கொள்பவர்கள் நாங்கள். திருவள்ளூர் மாவட்டம் என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்குக் கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளே நினைவுக்கு வருகின்றன. அதே மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளிப்பட்டில் கரும்பும் தறியும் மொட்டைக் குன்றுகளும் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. எங்கள் வீடு பள்ளிப்பட்டிலும் இல்லை. அங்கிருந்து ஒரு தரைப்பாலத்தைத் தாண்டி வரவேண்டிய சிற்றூரில் இருக்கிறது. இந்தத் தரைப்பாலத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும.

இந்தப் பகுதி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றச் சட்டத்தின்படி திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் போனது. ஊர் நகரவில்லை, மாவட்டங்கள்தான் அதன் மேல் நகர்ந்து சென்றன. ஆகவே எங்கள் தெருவில் ஒரே கொடிக்கு இரண்டு பெயர்கள். எங்களுக்கு நன்னாரி, எதிர்வீட்டாருக்குச் சுகந்திபாலா. (அவர்களிலும் பாதிப் பேர் சர்பத் என்று வரும்போது நன்னாரி என்றே சொல்கிறார்கள்.) சித்த மருத்துவ நூல்களைப் புரட்டினால் அங்காரிமூலி, பாதாளமூலி, நறுநெட்டி, பாற்கொடி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். ஒரு செடிக்கு இத்தனை பெயர் இருந்தால் அதை நிறையப் பேர் தேடியிருக்கிறார்கள் என்று பொருள்.

அம்மா ஒவ்வோர் ஆண்டும் பங்குனிக் கடைசியில் நன்னாரிப் பாகு காய்ச்சுவார். இங்கே 'அம்மா' என்று நாங்கள் எழுதுவது எங்கள் இருவருக்கும் பொதுவான சொல். ஒருவருக்குப் பெற்ற உரிமையால் அம்மா; மற்றவருக்கு முறைப்படி மாமியார், பழக்கத்தால் அம்மா. திருமணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாள், கையில் கொடுக்கப்பட்ட தம்ளரில் இருந்தது பாலும் பழமும் அன்று, நன்னாரி சர்பத். ஆகவே இதை எங்கள் இருவரின் கதையாகவே எழுதுகிறோம்.

சர்பத் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்தல் என்று பொருள்படும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து அது வந்தது. ஆங்கிலத்தின் 'சிரப்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ஐஸ்கிரீம் கடைகளில் விற்கும் 'சார்பெட்'டும் அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் தமிழுக்கு இந்தப் பொருளைக் குறிக்கத் தனக்கென்று ஓர் அழகிய சொல் உண்டு: மணப்பாகு. சித்த மருத்துவத்தில் அக மருந்துகள் 32 வகை என்று கணக்கு. அவற்றுள் மணப்பாகும் ஒன்று. மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு முதலியவற்றை இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கலாம். மூலிகையின் சாற்றையோ ஊறல் நீரையோ சர்க்கரைப் பாகில் நிறுத்திவைக்கும் கலை அது. 'நிறுத்திவைக்கும்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். இலையின் மணம் ஒரு நாளில் வாடிவிடும். சர்க்கரை அதை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கிறது.

அம்மாவின் முறையைச் சொல்லிவிடுகிறோம். நூறு கிராம் வேர். மண் போக ஏழெட்டு முறை கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, உரலில் போட்டு மெல்லத் தட்ட வேண்டும். தட்டினால் மேல்தோல் பிளந்து நடுவிலிருக்கும் வெண்ணிற நரம்பு தனியே வந்துவிடும். அந்த நரம்பு வெறும் கட்டை, மணமெல்லாம் தோலில்தான். நரம்பை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் ஒரு பாத்திரத்தில் இட்டு, கொதித்த நீரை முந்நூறு மில்லி அளவுக்கு ஊற்றி, உடனே மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்துவிடுவார். இரவு முழுதும் திறக்கக் கூடாது. நாங்கள் சிறு பிள்ளைகளைப் போல மூடியைத் தூக்கி மோந்து பார்க்கப் போனால், "மோந்து மோந்தே பாதியைக் குடிச்சிடுவீங்க, போங்க அப்பால" என்று விரட்டுவார்.

மறுநாள் மெல்லிய துணியில் வடித்தால் தேன்நிறத்தில் கால் லிட்டர் நீர் கிடைக்கும். தனியாக ஒரு கிலோ சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் தண்ணீர் விட்டு அடுப்பேற்றுவார். கொதி வரும்போது ஒரு கரண்டிப் பால். பாலிலுள்ள புரதம் திரண்டு சர்க்கரையின் அழுக்கையும் பிடித்துக்கொண்டு மேலே நுரையாக வரும். அதை வழித்துவிட்டால் பாகு கண்ணாடிபோல ஆகும். ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்கி, அரை எலுமிச்சம்பழத்தின் சாறு விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே நன்னாரி நீரைக் கலப்பார். கலந்தபின் கம்பிப் பதம் தளர்ந்து, இரு விரலுக்கிடையே ஒட்டிப் பிரியும் பிசுக்குப் பதத்துக்கு வந்து நிற்கும். அதுதான் சர்பத்துக்குரிய பதம். முக்கால் லிட்டர் புட்டி ஒன்றும் அதில் பாதியளவான இன்னொன்றும் நிறையும்.

எங்களில் ஒருவர் வேதியியல் படித்தவர். பல ஆண்டுகள் இந்தச் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டதில் அசந்துபோனோம். அறை வெப்பத்தில் நீர் தன்னுள் கரைத்துக்கொள்ளக்கூடிய சர்க்கரையின் உச்ச அளவு, கரைசலின் எடையில் ஏறத்தாழ 67 சதவீதம். அதற்கு மேல் போனால் புட்டியின் அடியில் கற்கண்டு கட்டும்; 65க்கு மிகவும் கீழே போனால் நொதிக்கும். ஒரு கிலோ சர்க்கரை கம்பிப் பதத்தில் கால் லிட்டர் அளவு நீரைத்தான் தன்னிடம் வைத்திருக்கும். பிறகு சேரும் ஊறல் நீர் இன்னொரு கால் லிட்டர். ஆக ஒரு கிலோவுக்கு அரை லிட்டர், அதாவது சதவீதத்தில் 66.7! தராசும் வெப்பமானியும் இல்லாமல் இரு விரல்களை வைத்துக்கொண்டு அம்மா ஒவ்வோர் ஆண்டும் இந்த எண்ணில் வந்து இறங்கியிருக்கிறார். சட்டப்படி சர்பத் என்று விற்கப்படுவதில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதித்தவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். எலுமிச்சையின் வேலை புளிப்பன்று. அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. இந்தக் கலப்படக் கூட்டத்தில் படிகம் கட்டுவது கடினம்.

வேரைக் கொதிக்க விடாததற்கும் காரணம் உண்டு. நன்னாரியின் மணத்துக்குரிய பொருள் வனிலாவின் மணப்பொருளான வனிலினுக்கு உடன்பிறப்பு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. நீராவியோடு சேர்ந்து எளிதில் பறந்துவிடும் இயல்புடையது அது. வேரை அரைமணி நேரம் கொதிக்க வைத்தால் தெருவே மணக்கும், புட்டியில் ஒன்றும் இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் மருந்துநூலில் நன்னாரி வேரும் அதிலிருந்து செய்யும் பாகும் இடம்பெற்றிருந்தன; அங்கும் வேரை வெந்நீரில் மூடி ஊறவைக்கும் முறையே சொல்லப்பட்டிருந்தது. அவர்களிடம் அம்மிக் குழவி இருந்திராது, அவ்வளவே வேறுபாடு.

வேர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும். குன்றடியிலிருந்து ஓர் இருளர் மூதாட்டி பங்குனியில் வருவார். நாங்கள் அவரை அவ்வா என்று அழைப்போம். மடியில் ஈரத்துணி சுற்றிய வேர்க்கட்டு இருக்கும். காசு கொஞ்சம், அரிசி கொஞ்சம், பழைய புடவை ஒன்று என்று பேரம் நடக்கும். பேரம் முடிந்தபின் இருவரும் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாவது பேசுவார்கள், பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும். வாங்குவதைவிட அந்தப் பேச்சே அம்மாவுக்கு முக்கியம் என்று எங்களுக்குத் தோன்றும்.

ஒரு முறை சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று விரல் பருமனில் சதைப்பற்றான வேர்களை நாங்கள் வாங்கிவந்தோம். மணம் அச்சாக நன்னாரி மணம். அவ்வா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மாகாளி. நன்னாரி இம்மாந்தடி இருக்குமா? நூலாட்டம் இல்ல இருக்கும்!" மாகாளிக் கிழங்கு வேறு செடி, நீரிலும் மோரிலும் ஊறுகாய் போடுவார்களே, அதே கிழங்கு. இரண்டிலும் இருக்கும் மணப்பொருள் ஒன்றே என்பதால் மூக்கு ஏமாந்துபோகிறது. இராயலசீமையில் நன்னாரி சர்பத் என்று விற்பதில் பெரும்பகுதி உண்மையில் மாகாளிக் கிழங்கிலிருந்து வருவதுதான். பாறை இடுக்குகளில் மெல்ல மெல்ல வளரும் அந்தக் கொடியைக் கிழங்குக்காக அகழ்ந்தால் கொடியே போய்விடும். இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் சாலையோரத்தில் நின்று ஐஸ் போட்டுக் குடித்த ஒவ்வொரு தம்ளருக்கும் எங்கோ ஒரு பாறை இடுக்கு வெறுமையாகியிருக்கிறது என்பதை அறிந்தபோது தொண்டையில் அது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது.

அவ்வாவும் குறைபட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். "மலையில எங்கம்மா வேரு? ராவோட ராவா வந்து வேரோட புடுங்கிட்டுப் போயிடறாங்க. தாய் வேரை உட்டுட்டுப் பக்க வேரை எடுக்கணும். அப்பத்தான் அடுத்த வருசம் அது நமக்கு முகம் காட்டும்." அந்த ஆண்டு வேர்க்கட்டோடு, உயிரோடு மண்ணுருண்டை சுற்றிய இரண்டு நன்னாரிக் கொடிகளையும் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று பட்டுப்போனது. மற்றொன்றை மாதுளைச் செடியின் அடியில், பாதி நிழலில் வைத்தோம். மெல்லிய கம்பிபோன்ற கொடி, எதிரெதிராக இலை, இலையின் நடுவே வெண்ணிறக் கோடு, கிள்ளினால் பால். இரண்டு ஆண்டுகளுக்கு அதைத் தொடக் கூடாது என்பது அவ்வாவின் கட்டளை. 2020இல் ஊரடங்கு வந்தபோது அவர் வரவில்லை. அடுத்த பங்குனியிலும் வரவில்லை. விசாரித்துப் போனோம்; மகள் ஊருக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார்.

இதற்கிடையில் வீட்டுக்குள் வேறொன்று வந்து அமர்ந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். முதலில் மாத்திரை, பிறகு காலையும் மாலையும் இன்சுலின். ஒரு தம்ளர் சர்பத்துக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பாகு என்றால் அதில் சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 26 கிராம். நாங்கள் இருவரும் படித்தவர்கள் அல்லவா, உடனே வீட்டைத் திருத்தப் புறப்பட்டோம். சர்க்கரை டப்பா காலி செய்யப்பட்டது. அம்மாவுக்குத் துணையாக நாங்களும் காபியில் சர்க்கரையை விட்டோம். (விட்டது உண்மை, காபி கேவலமாக இருந்ததும் உண்மை.) நன்னாரிப் பாகுக்குத் தடை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, உங்க இஷ்டம்" என்றார். அவ்வளவு எளிதாக அவர் எதற்கும் இணங்கியதில்லை என்பதை அப்போதே நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

அவருக்குக் கைவேலை வேண்டுமே என்று தோட்டத்து மூலிகைகளில் சர்க்கரை குறைந்த பாகு செய்து பார்க்கத் தொடங்கினோம். துளசி, புதினா, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், வேலியோரம் ஆடாதோடை என்று கொல்லையில் எல்லாம் இருந்தன. முதலில் துளசி. சர்க்கரையும் நீரும் சம எடை, பாதிக்குப் பாதி. பார்க்க அழகாக இருந்தது, புட்டியில் ஊற்றி அலமாரியில் வைத்தோம். பத்தாம் நாள் நள்ளிரவில் துப்பாக்கி வெடித்ததுபோல ஓசை. தக்கை உத்தரத்தில் மோதி விழுந்திருந்தது. சுவரெல்லாம் துளசி மணத்தோடு புளித்த வாடை. அம்மா எழுந்துவந்து பார்த்தார். "சக்கரையில கஞ்சத்தனம் பண்ணா பாகு கள்ளாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சரியான நோயறிதல். பாதிக்குப் பாதி கரைசலில் நொதிகள் உயிர்வாழ வேண்டிய நீர் தாராளமாகக் கிடைக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையானால் அந்நீரையெல்லாம் சர்க்கரையே பிடித்துவைத்துக்கொள்கிறது. நுண்ணுயிர் தாகத்தில் ஒடுங்கிவிடுகிறது. சர்க்கரை என்பது சுவை மட்டுமன்று, அதுவே காவல். காவலைக் குறைத்தால் பாகு கெடும், கூட்டினால் அம்மாவுக்குக் கெடும். இந்தக் கணக்குக்கு விடை கிடைக்காமல் நாங்கள் திண்டாடினோம்.

சீனித்துளசி வாங்கி நட்டோம். இனிப்பது என்னவோ உண்மை; ஆனால் ஒரு வாய் குடித்தபின் நாக்கில் அதிமதுரம்போல ஒரு கசப்பு தங்கியது. மேலும் அது இனிப்பை மட்டுமே தரும், காவலைத் தராது. குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும். புதினாவைச் சூடான பாகில் போட்டோம். பச்சை நிறம் போய்ப் புளியங்கொட்டை நிறத்தில் வந்தது. ஆறிய பாகில் நசுக்கிப் போட்டு ஒரு மணி நேரத்தில் வடித்தால் மணம் நிற்கும் என்பது பிறகு தெரிந்தது. கற்பூரவல்லி ஓம மணத்தோடு சுமாராக வந்தது. எலுமிச்சைப்புல் மட்டுமே முதல் முயற்சியிலேயே கைகொடுத்தது. ஆடாதோடையை அம்மாவே செய்தார், முழுச் சர்க்கரையோடு, இருமல் வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து உருவாக்கப்பட்டது என்று நாங்கள் விளக்கியபோது, "அப்ப அவங்க நம்ம வேலிக்குக் காசு குடுக்கணுமே" என்றார்.

2021ஆம் ஆண்டு ஐப்பசியில் அம்மாவின் இரத்தச் சர்க்கரை காரணமில்லாமல் ஏறியது. உணவில் மாற்றமில்லை, மருந்து தவறவில்லை. மருத்துவர் இரண்டு முறை பார்த்துவிட்டு இன்சுலின் அளவைக் கூட்டினார். நாங்கள் அரிசியை இன்னும் குறைத்தோம்.

அவ்வாண்டு நவம்பரில் பெய்த மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டு, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் புரண்டு, தரைப்பாலங்கள் மூழ்கின. எங்கள் பாலமும் மூழ்கியது. மின்சாரம் போய் இரண்டாம் நாள். அம்மாவுக்கு இலேசான காய்ச்சல். இரவு ஊசி போட்டுக்கொண்டபின் இரண்டு வாய்க் கஞ்சி குடித்துவிட்டுப் போதும் என்று தள்ளிவிட்டார். ஊசி போட்டாயிற்று, உணவு உள்ளே போகவில்லை. இதன் பொருள் எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை என்பதை எழுதவே கூசுகிறது.

இரவு இரண்டு மணி இருக்கும். ஏதோ முனகல். டார்ச் அடித்துப் பார்த்தால் புடவை முழுக்க வியர்வை. மழைக்குளிரில் அப்படி வியர்வை. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. எங்களில் ஒருவரைப் பார்த்துத் தம் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். விரலில் குத்திக் கருவியில் பார்த்தால் 46. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம். உடனே சர்க்கரை தர வேண்டும். அந்த வீட்டில் சர்க்கரை இல்லை. நாங்கள்தான் அப்புறப்படுத்தியிருந்தோமே! வெல்லம் ஓர் அச்சு இருந்தது, கல்லைப்போல. அதை உடைக்க இருட்டில் அம்மிக் குழவியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா குழறிய குரலில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். குனிந்து கேட்டோம்.

"அரிசி டிரம்மு... அரிசி டிரம்முல..."

முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவியபோது கண்ணாடி தட்டுப்பட்டது. சிறிய புட்டி. நன்னாரிப் பாகு. மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

ஒரு மேசைக்கரண்டிப் பாகில் ஏறத்தாழ 13 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கரண்டிக்குச் சற்று மேலாக, மெல்ல மெல்ல, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். (நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அம்மாவுக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது.) கால் மணி நேரம் கழித்து 61. இன்னொரு கரண்டி. மறுபடியும் கால் மணி நேரம். அந்த இரண்டு கால் மணி நேரங்களில் வெளியே ஆற்றின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. 88 வந்ததும் கஞ்சியைச் சுடவைத்துக் கொடுத்தோம். விடியும்வரை மணிக்கு ஒருமுறை விரலைக் குத்தினோம். விடிந்தபின் அம்மா தெளிவாக எங்களைப் பார்த்து, "புட்டிய எங்க வச்சீங்க?" என்றார்.

அன்று முழுதும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள்தான் கேட்டோம், எத்தனை நாளாக என்று.

"வாசனை பாக்கத்தான் தொறந்தேன்."

"வாசனை பார்த்தா மூணுல ஒரு பங்கு குறையுமாம்மா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மாதுளையடிக் கொடியிலிருந்து, எங்களுக்குத் தெரியாமல், நாங்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பக்க வேரை எடுத்து, எதிர்வீட்டிலிருந்து சர்க்கரை வாங்கி, அவர்கள் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சியிருக்கிறார். எதிர்வீட்டாரும் உடந்தை. ஐப்பசியில் ஏறிய சர்க்கரைக்கும், மருத்துவர் கூட்டிய ஊசிக்கும், அந்த இரவுக்கும் இந்தப் புட்டியிலிருந்தே ஒரு கயிறு போகிறது என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆபத்தை உண்டாக்கியதும் மீட்டதும் ஒரே புட்டி. சினம் கொள்வதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பாகு நம்மால் ஒளிக்கப்பட்டதா அவரால் ஒளிக்கப்பட்டதா என்ற கேள்வியும் கூடவே நின்றது. வீட்டில் சர்க்கரை இல்லாமல் செய்தவர்கள் நாங்கள். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி தம் சொந்தச் சமையலறையில் திருடியாகும்படி செய்தவர்களும் நாங்களே.

தண்ணீர் வடிந்து பாலம் தெரிந்ததும் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மருத்துவர் திட்டவில்லை, ஊசியின் அளவைக் குறைத்தார். இன்சுலின் எடுப்பவர் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இனிப்பு எப்போதும் இருக்க வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று எங்களைத்தான் கேட்டார். சொல்லியிருக்கக்கூடும். நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

இப்போது ஓர் உடன்பாடு நடைமுறையில் இருக்கிறது. நன்னாரிப் பாகு ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, முழுச் சர்க்கரையோடு, அம்மாவின் கையால். அதில் ஒரு சிறு புட்டி ஊசி மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு மேசைக்கரண்டியோடு நிற்கும். மற்றது விருந்தினருக்கு. அம்மாவின் அன்றாடத் தாகத்துக்கு, தட்டிய வேரில் ஒரு சிட்டிகை துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் கிடக்கிறது. சர்க்கரை இல்லாத மணம். முதல் வாரம் "சாமி இல்லாத தேர் மாதிரி இருக்கு" என்றார். இப்போது அந்தப் பானையைத் தவிர வேறெதிலும் குடிப்பதில்லை. திருவிழா நாட்களில் ஒரு கரண்டிப் பாகு அவருக்கும் உண்டு. அன்று சோற்றில் ஒரு பிடி குறைத்துக்கொள்வார். அரிசி டிரம்மை நாங்கள் சோதிப்பதில்லை. சோதிக்கத் தோன்றுவது உண்டு, ஆனாலும் சோதிப்பதில்லை.

கொடி மாதுளையின் மேல் ஏறிவிட்டது. ஓர் ஆண்டு முழு அறுவடையே அறுபது கிராம்தான் என்பதால் பாகின் அளவும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டது: சர்க்கரை அறுநூறு கிராம், ஊறல் நீர் நூற்றைம்பது மில்லி. கடைச் சந்தையில் வேர் வாங்குவதை நிறுத்திவிட்டோம். சென்ற மாசியில் பக்க வேர் எடுக்கும்போது அம்மா குழியருகே குந்தி அமர்ந்து மேற்பார்வை செய்தார். கடப்பாரை வேண்டாம், களைக்கொத்து போதும் என்றார். மூன்று வேர் எடுத்ததும் கையை நீட்டித் தடுத்து மண்ணைத் தள்ளச் சொன்னார். வெட்டிய வேரில் முளைக்கண் உள்ள ஒரு துண்டைத் தனியே எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

யாருக்கு என்று கேட்டோம்.

"அவ்வா ஒருவேளை வந்தா, வெறுங்கையா அனுப்பறதா?"

வேலியோரம் ஒரு பழைய பால் தூக்கில் மண் நிரப்பி அந்தத் துண்டை நட்டு வைத்திருக்கிறோம். இந்த மழையில் இரண்டு இலை விட்டிருக்கிறது.